எழுத்து பெரிதானால் பக்கம் நீளட்டும்

போனில் எழுத்தைப் பெரிதாக்கியதும் செயலிகள் ஏன் தாறுமாறாகின்றன என்று கேட்டு இந்த முறை நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சில, செயலிகளைப் பயன்படுத்துகிறவர்கள் எழுதியவை. மற்றவை, அவற்றை உருவாக்குகிறவர்கள் எழுதியவை. இரண்டையும் கலந்தே பதில் சொல்கிறேன். ஒருவர் அலுவலகத்தில் உட்கார்ந்து எடுக்கும் முடிவுதான் இன்னொருவர் கையில் தொல்லையாக வந்து சேர்கிறது, அதனால் இரு தரப்பும் மற்றவர் கேள்வியையும் படித்துப் பார்ப்பது நல்லது.

கேள்வி: எனக்கு 61 வயது. போன் செட்டிங்ஸில் எழுத்தைப் பெரிதாக வைத்திருக்கிறேன். மெசேஜ், தொடர்பு எண்கள் எல்லாம் பெரிதாகத் தெரிகின்றன. சில செயலிகளுக்குள் போனால் மட்டும் பழையபடி பொடி எழுத்து. நான் எதையாவது செய்யாமல் விட்டுவிட்டேனா?

பதில்: இல்லை அம்மா, உங்கள் பக்கம் எந்தக் குறையும் இல்லை. அளவைக் கூட்டியதோடு உங்கள் வேலை முடிந்தது. இவருக்கு எழுத்து இத்தனை மடங்கு வேண்டும் என்ற தகவல் போனில் எல்லாச் செயலிகளுக்கும் கிடைக்கிறது, அதைக் கேட்டு நடக்க வேண்டியது செயலி. ஆண்ட்ராய்டில் எழுத்தின் அளவை எஸ்பி என்ற அலகில் கொடுத்தால் அது உங்கள் விருப்பத்தோடு சேர்ந்து வளரும், டிபி அலகிலோ பிக்ஸலிலோ கொடுத்தால் நகராது. ஐபோனில் இந்த வசதிக்கு டைனமிக் டைப் என்று பெயர், 2013-இல் ஐஓஎஸ் 7-உடன் வந்தது. அதைப் பயன்படுத்தாமல் "14 பாயின்ட்" என்று நேராக எழுதிவைத்துவிட்டால் அந்தச் செயலி உங்கள் பேச்சைக் கேட்காது. பத்து வருடங்களுக்கு மேலாக இருக்கிற வசதி, இன்னும் இதைத் தொடாத செயலிகள் இருக்கின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

இப்போதைக்கு ஒரு வழி உண்டு. செட்டிங்ஸில் அணுகல்தன்மை (ஆக்சஸிபிலிட்டி) என்ற பகுதியில் திரையையே உருப்பெருக்கும் வசதி இருக்கும். ஐபோனில் ஜூம் என்பதை இயக்கிவிட்டு மூன்று விரல்களால் இரண்டு முறை தட்டினால் திரை பெரிதாகும், ஆண்ட்ராய்டில் மேக்னிஃபிகேஷன் என்று இருக்கும். ஆனால் இது எழுத்து பெரிதாவதற்கு ஈடாகாது. வரி திரையைத் தாண்டி ஓடிவிடும், ஒவ்வொரு வரிக்கும் வலது பக்கம் இழுத்து, மறுபடி இடது பக்கம் இழுத்துப் படிக்க வேண்டும். அவசரத்துக்கு உதவும், அவ்வளவுதான். அப்புறம், செயலி இறக்கும் கடையின் விமர்சனப் பகுதியில் இரண்டு வரி எழுதுங்கள்: எந்த போன், எந்தத் திரை, செட்டிங்ஸில் அளவைக் கூட்டியும் மாறவில்லை. இந்த மூன்றும் இருந்தால் டெவலப்பர் தேடி அலைய வேண்டியதில்லை.

கேள்வி: நான் செயலி எழுதுபவன். பயனர் எழுத்தைப் பெரிதாக்கினால் எங்கள் திரைகள் உடைகின்றன. அதனால் எழுத்தளவைப் பூட்டிவிடலாம் என்கிறார் குழுத் தலைவர். நாங்கள் செயலி எழுதப் பயன்படுத்தும் ரியாக்ட் நேட்டிவ் கருவியில் இது ஒரே வரி வேலைதான். அவரிடம் என்ன சொல்வது?

பதில்: பூட்டக் கூடாது என்று சொல்லுங்கள். எழுத்து வளர அனுமதிக்கும் அலோஃபான்ட்ஸ்கேலிங் என்பதை நிறுத்திவைக்கும் அந்த ஒரு வரி, திரையைச் சரிசெய்வதில்லை. உடைவதைப் பார்க்கக்கூடிய ஆட்களை வெளியே அனுப்புகிறது. நாற்பது வயதை ஒட்டிக் கண்ணின் லென்ஸ் இறுகத் தொடங்குகிறது, கிட்டத்தில் இருப்பது மங்குகிறது. வெள்ளெழுத்து என்று நாம் சொல்வது இதைத்தான், கிட்டத்தட்ட எல்லோருக்கும் வருவது. உங்கள் குழுத் தலைவருக்கும் வரும். இதை அவரைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை, "ஒரு சிலருக்காக ஏன் இவ்வளவு உழைப்பு" என்ற வாதத்தில் அந்த ஒரு சிலர் யார் என்பது தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இணைய உள்ளடக்கத்துக்கான அணுகல்தன்மை விதிகள் 2008-இலேயே, எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கினாலும் உள்ளடக்கமோ செயல்பாடோ போய்விடக் கூடாது என்று ஏஏ என்ற இடைநிலைத் தரத்தில் சொல்லிவிட்டன. மொபைல் செயலிகளுக்கும் இதையே அளவுகோலாக எடுத்துக்கொள்கிறார்கள். ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம் 2025 ஜூன் 28 முதல் நடைமுறையில் இருக்கிறது, அந்தச் சந்தையில் வங்கிச் சேவையோ இணைய விற்பனையோ நடத்தும் செயலி என்றால் இது வெறும் நல்லெண்ண விஷயம் இல்லை.

சரி, திரை ஏன் உடைகிறது? பெரும்பாலும் ஒரே காரணம்: எழுத்து இருக்கும் பெட்டிக்கு யாரோ உயரத்தை நிலையாகக் கொடுத்திருப்பார்கள். 48 என்று கொடுத்த இடத்தில் "குறைந்தது 48" என்று மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பெட்டி வளரட்டும், பெட்டி வளர்ந்தால் பக்கம் நீளட்டும், பக்கம் நீண்டால் ஸ்க்ரோல் ஆகட்டும். மேலிருந்து கீழாகப் போகும் நீளத்துக்கு போனில் பஞ்சமே இல்லை, அகலத்துக்குத்தான் பஞ்சம். அதனால் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பெரிய எழுத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குங்கள்: படம் மேலே, பெயர் அதன் கீழே, தேதி அதற்கும் கீழே. "ரத்து" "சரி" என்று அருகருகே இருந்த இரண்டு பட்டன்கள் இரண்டு வரியாகட்டும். வரி எண்ணிக்கையை ஒன்று, இரண்டு என்று கட்டுப்படுத்தியிருந்தால் எடுத்துவிடுங்கள். எழுத்துக்குப் பக்கத்தில் ஐகான் இருந்தால் அதுவும் சேர்ந்து வளர வேண்டும், இல்லாவிட்டால் பெரிய எழுத்துக்கு அருகில் கடுகளவு ஐகான் நிற்கும், எழுத்தே கண்ணுக்குத் தெரியாதவருக்கு அது எப்படித் தெரியும்?

இன்னும் இரண்டு இடங்கள் தனியாகக் கவனிக்க வேண்டியவை. ஒன்று, மேலேயும் கீழேயும் ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கும் பட்டைகள். எழுத்து பெரிதானால் இவை இரண்டும் வளர்ந்து, நடுவில் படிக்க ஒரு சந்துதான் மிஞ்சும். பெரிய அளவுகளில் இவற்றையும் பக்கத்தோடு ஸ்க்ரோல் ஆக விடுங்கள். இன்னொன்று பாப்-அப். ஸ்க்ரோல் ஆகாத பாப்-அப்பில் நீளமான செய்தி வந்தால் பட்டன் திரைக்கு வெளியே போய்விடும், பயனர் முன்னும் போக முடியாது, பின்னும் வர முடியாது. எனக்குத் தெரிந்து எழுத்தளவு விஷயத்தில் இதைவிட மோசமான கோளாறு கிடையாது, உடைந்த திரைகளில் முதலில் இதைச் சரிசெய்யுங்கள்.

எங்குமே உச்சவரம்பு வைக்கக் கூடாதா என்றால், வைக்கலாம், மிகக் குறைவான இடங்களில். கீழே உள்ள டேப் பட்டையின் எழுத்துகளை ஐபோனே வளர்ப்பதில்லை. அதற்குப் பதில், பெரிய அணுகல் அளவுகளில் அவற்றை அழுத்திப் பிடித்தால் திரையின் நடுவில் பெரிதாகக் காட்டும், ஐஓஎஸ் 13-இலிருந்து இதை நாமும் நம் செயலியில் பயன்படுத்தலாம். எழுத்து அதிகபட்சம் எத்தனை மடங்கு வளரலாம் என்று சொல்லும் மேக்ஸ்ஃபான்ட்சைஸ்மல்டிப்ளையர் போன்ற வரம்பை அந்த மாதிரி ஓரிரு இடத்தில் வையுங்கள். செயலி முழுவதுக்கும் 1.2 மடங்கு என்று வைப்பது பூட்டுவதற்குக் கொஞ்சம் மரியாதையான பெயர், அவ்வளவே.

கேள்வி: எங்கள் செயலிக்குள்ளேயே எழுத்தைக் கூட்டவும் குறைக்கவும் பட்டன் வைத்திருக்கிறோம். அது போதாதா?

பதில்: போதாது. போனில் இருக்கும் ஒவ்வொரு செயலியிலும் அந்தப் பட்டனைத் தேடிப்பிடித்து அழுத்த வேண்டும் என்றால், அதுவும் பொடி எழுத்தில் இருக்கும் மெனுவுக்குள் போய்த் தேட வேண்டும் என்றால், யாருக்கு வசதி? செய்தி, கதை என்று நீளமாகப் படிக்கும் செயலியில் இப்படி ஒரு பட்டன் கூடுதலாக இருப்பது நல்லதுதான், ஆனால் அது போனில் வைத்திருக்கும் அளவிலிருந்து தொடங்க வேண்டும்.

கேள்வி: எவ்வளவு பெரிது வரை தாங்க வேண்டும்? எங்கள் தலைப்பு ஏற்கெனவே பெரிதாக இருக்கிறது. அதையும் இரட்டிப்பாக்கினால் ஒரு திரைக்கு ஒரு சொல்தான் நிற்கிறது.

பதில்: ஐபோனில் மொத்தம் 12 அளவுகள். அளவை மாற்ற இழுக்கும் வழக்கமான கோட்டில் 7, அணுகல்தன்மைப் பகுதியில் ஒரு ஸ்விட்சைப் போட்டால் இன்னும் 5. சாதாரணப் பத்தியின் எழுத்து இயல்பாக 17 பாயின்ட், கடைசி அளவில் 53, அதாவது மூன்று மடங்குக்கும் மேல். இதைப் பார்த்துப் பயந்துதான் பலர் பின்வாங்குகிறார்கள். ஆனால் பெரிய தலைப்பு எவ்வளவு வளர்கிறது என்று பாருங்கள்: 34-இலிருந்து 60 வரை மட்டும், இரண்டு மடங்குகூட இல்லை. சிறியது அதிகம் வளர வேண்டும், ஏற்கெனவே பெரிதாக இருப்பது கொஞ்சம் வளர்ந்தால் போதும், படிக்கத்தானே பெரிதாக்குகிறோம்.

2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14-உம் இதே யோசனையைத்தான் எடுத்துக்கொண்டது. அதில் எழுத்தை 200 சதவீதம் வரை கூட்டலாம், ஆனால் வளர்ச்சி நேர்விகிதத்தில் இல்லை, பெரிய எழுத்துகள் மெதுவாக வளரும். ஆகவே தலைப்பு இரட்டிப்பாகிறது என்றால் ஒரு சந்தேகம் வருகிறது: உங்கள் நிரலில் யாராவது எழுத்தளவைத் தாங்களே பெருக்கிக் கணக்குப் போடுகிறார்களா? பழைய முறையில் ஒரே எண்ணால் பெருக்கினால் இந்த மென்மையான வளர்ச்சி கிடைக்காது, கணக்கை இயங்குதளத்திடமே விட்டுவிட வேண்டும். வரி உயரத்தையும் எஸ்பியிலேயே கொடுங்கள். எழுத்து எஸ்பியில், வரி உயரம் டிபியில் என்று இருந்தால் எழுத்து வளரும், வரி வளராது, ஒரு வரி இன்னொரு வரியின் மேல் ஏறி உட்காரும். ஃப்ளட்டர் என்ற கருவியில் செயலி எழுதுகிறவர்களும் பழைய டெக்ஸ்ட்ஸ்கேல்ஃபேக்டரை விட்டு டெக்ஸ்ட்ஸ்கேலருக்கு மாறுவது இதே காரணத்துக்காகத்தான்.

ஐபோனில் சொந்த எழுத்துரு வைத்திருக்கிறோம், அதனால் டைனமிக் டைப் முடியாது என்று இன்னொருவர் எழுதியிருந்தார். முடியும். சொந்த எழுத்துருவையும் பயனர் வைத்த அளவுக்கு வளர்த்துத் தரும் யூஐஃபான்ட்மெட்ரிக்ஸ் ஐஓஎஸ் 11-இலிருந்து இருப்பது அதற்காகத்தான்.

கேள்வி: எங்கள் செயலி ஆங்கிலத்தில் 200 சதவீதம் வரை ஒழுங்காக நிற்கிறது. தமிழுக்கு மாற்றினால் எழுத்துகளின் தலையும் காலும் வெட்டுப்படுகின்றன, பட்டன்களில் மூன்று புள்ளிகள்தான் மிச்சம். தமிழுக்கு மட்டும் எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிவிடலாமா?

பதில்: வேண்டாம். தமிழில் படிக்கிறவரின் கண் ஆங்கிலத்தில் படிக்கிறவரின் கண்ணைவிடக் கூர்மையானது என்று யாரும் சொல்லவில்லையே.

தலையும் காலும் வெட்டுப்படுவதற்குக் காரணம் வரி உயரம். கீ, மீ போன்றவற்றில் மேலே சுழிக்கும் பகுதியும், து, மு, ழு, ஞூ போன்றவற்றில் கீழே இறங்கும் பகுதியும் ஆங்கில எழுத்துக்கென்று அளந்து வைத்த வரிக்குள் அடங்காது. எழுத்து சிறிதாக இருந்தபோதும் வெட்டுப்பட்டிருக்கும், கண்ணில் படவில்லை. வரி உயரத்தை எண்ணாகக் கொடுக்காமல் எழுத்துருவே தீர்மானிக்க விடுங்கள், அல்லது தமிழுக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஆண்ட்ராய்டில் எழுத்துக்கு மேலும் கீழும் கூடுதல் இடம் விடும் இன்க்ளூட்ஃபான்ட்பேடிங் என்பதை அழகுக்காக நிறுத்திவைப்பவர்கள் தமிழ்த் திரையை ஒரு முறை திறந்து பார்த்துவிட்டு முடிவெடுக்க வேண்டும்.

மூன்று புள்ளி விஷயம் இதைவிடப் பெரியது. நம் மொழியில் வினை கடைசியில் வருகிறது, இல்லை என்பது அந்த வினைக்கும் கடைசியில் வருகிறது. "உங்கள் கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்படவில்லை" என்ற செய்தி இடம் போதாமல் "உங்கள் கோரிக்கை ஏற்றுக்கொள்ளப்பட…" என்று நின்றால் படிப்பவர் என்ன நினைப்பார்? நடந்ததற்கு நேர் எதிராக நினைப்பார். "பணம் செலுத்தப்பட…" என்பதும் அப்படித்தான், செலுத்தப்பட்டதா, செலுத்தப்படவில்லையா, செலுத்தப்பட வேண்டுமா? பெரிய எழுத்து வைத்திருப்பவருக்கு மட்டும் இந்தச் சந்தேகம் வருகிறது, அருகில் இருப்பவரிடம் போனை நீட்டிக் கேட்க வேண்டியிருக்கிறது. தன் பண விவகாரத்தைத் தானே பார்த்துக்கொள்ள விரும்புகிற ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய இழப்பு என்று யோசித்துப் பாருங்கள். அதனால் பிழைச் செய்தி, பணம், தேதி, நிலை இவை எதிலும் மூன்று புள்ளி வரவே கூடாது, எத்தனை வரி ஆனாலும் சரி. நிரலில் "முதல் 20 எழுத்து மட்டும்" என்று நறுக்குவதும் ஆபத்துதான்: க-வையும் அதன் மேல் உள்ள புள்ளியையும் கணினி தனித்தனியாக எண்ணுகிறது, நடுவில் வெட்டினால் க் என்பது க ஆகிவிடும்.

பட்டன்களுக்கு முழு அகலம் கொடுங்கள். "உறுதிப்படுத்தவும்" என்று ஒரே நீளச் சொல்லாக இருப்பது பெரிய அளவில் எங்கும் மடியாது, "உறுதி செய்க" என்றால் இரண்டு வரியாக மடியும். இதை எழுதுகிறவரும் வடிவமைப்பவரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். சிலர் இடம் போதாவிட்டால் எழுத்து தானாகச் சுருங்கும்படி வைத்துவிடுகிறார்கள். பெரிதாகக் கேட்டவருக்குச் சுருக்கிக் கொடுப்பது எந்த வகையிலும் தீர்வாகாது.

கேள்வி: சிறிய குழு எங்களுடையது, தனியாகச் சோதனைக்கு ஆள் இல்லை. எப்படிப் பரிசோதிப்பது?

பதில்: முதலில் உங்கள் சொந்த போனில் எழுத்தைக் கடைசி அளவுக்கு வைத்து, உங்கள் செயலியின் முக்கியமான வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்துபாருங்கள். உள்நுழைவது, தேடுவது, படிவம் நிரப்புவது, பணம் கட்டுவது, ரத்து செய்வது. கீபோர்டு திறந்திருக்கும்போதும் பாருங்கள், பாதி இடத்தை அது எடுத்துக்கொள்ளும். செயலியைத் திறந்து வைத்துக்கொண்டே செட்டிங்ஸில் அளவை மாற்றிவிட்டுத் திரும்பி வாருங்கள், நிரப்பிவைத்த படிவம் காலியாகிவிட்டதா என்று தெரியும்.

கருவிகளும் உண்டு. ஐபோன் செயலி எழுதும் எக்ஸ்கோடில் செயலி ஓடும்போதே எழுத்தளவை மாற்றிப் பார்க்கலாம். எக்ஸ்கோடு 15 முதல் தானியங்கிச் சோதனையிலேயே அணுகல்தன்மைத் தணிக்கை இருக்கிறது, டைனமிக் டைப் வேலை செய்கிறதா, எழுத்து வெட்டுப்படுகிறதா என்பதையும் சொல்லும். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில், திரைகளை வரையும் கம்போஸின் முன்தோற்றத்தில் ஃபான்ட்ஸ்கேலை 2 (இரண்டு மடங்கு) என்று கொடுத்து ஒவ்வொரு திரையையும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம். கருவி தாண்டிப் பார்க்க வேண்டியவையும் இருக்கின்றன: செயலிக்குள் திறக்கும் இணையப் பக்கங்கள் ஐபோனில் தாமாகப் பெரிதாவதில்லை, படத்துக்குள் பதித்த எழுத்து எந்த போனிலும் பெரிதாகாது. நிபந்தனைகளையும் கட்டண விவரத்தையும் இந்த இரண்டு இடங்களில் வைப்பவர்கள் அதை மாற்றிக்கொள்ள வேண்டும்.

கேள்வி: பார்வைக் குறைவு உள்ளவர்களுக்குத் திரையை வாசித்துச் சொல்லும் வசதி இருக்கிறதே. பெரிய எழுத்துக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

பதில்: பார்வைக் குறைவு உள்ள எல்லோரும் பார்வையே இல்லாதவர்கள் அல்ல. கிட்டத்தில் பார்ப்பதிலோ தூரத்தில் பார்ப்பதிலோ குறைபாடு உள்ளவர்கள் குறைந்தது 220 கோடிப் பேர் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது, அதில் பெரும்பங்கினருக்குப் பார்வை இருக்கிறது, எழுத்து பெரிதாக இருந்தால் தாங்களே படித்துவிடுவார்கள். வாசித்துச் சொல்லும் வசதியைப் பழகுவது ஒரு தனிப் பயிற்சி, விரல் அசைவுகளே வேறு. கூட்டத்தில் நிற்கும்போது வங்கிக் கணக்கை வாய்விட்டு வாசிக்க வைக்கவும் முடியாது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு இரண்டுமே சரியாக வேண்டும்.

கேள்வி: என் அப்பா மிகப் பெரிய எழுத்து வைத்திருக்கிறார். ஒரு செயலியில் கடைசிப் பட்டன் திரையிலேயே வருவதில்லை. எழுத்தைக் குறைத்தால் அவருக்குப் படிக்க முடியாது. இன்றைக்கு என்ன செய்வது?

பதில்: முதலில் கீபோர்டை மூடிப் பாருங்கள், பட்டன் அதன் பின்னால் இருக்கக்கூடும். அப்புறம் அந்தப் பெட்டிக்குள் விரலை வைத்து மேலே தள்ளிப் பாருங்கள், ஸ்க்ரோல் ஆகும் என்பதற்கான அடையாளமே காட்டாமல் ஸ்க்ரோல் ஆகிற திரைகள் உண்டு.

ஆண்ட்ராய்டு போன் என்றால் செட்டிங்ஸில் எழுத்தளவு ஒன்று, டிஸ்ப்ளே அளவு ஒன்று என இரண்டு கோடுகள் இருக்கும். எழுத்தளவை அப்படியே விட்டுவிட்டு டிஸ்ப்ளே அளவை மட்டும் குறையுங்கள். பெட்டிகளும் இடைவெளிகளும் சுருங்கும், எழுத்தும் கொஞ்சம் குறையும்தான், ஆனால் இடம் கிடைத்துப் பட்டன் உள்ளே வந்துவிட வாய்ப்பு அதிகம். ஐபோன் என்றால் 2021-இல் வந்த ஐஓஎஸ் 15 முதல் ஒரு செயலிக்கு மட்டும் எழுத்தளவை மாற்றலாம். விரைவுப் பட்டன்கள் இருக்கும் கன்ட்ரோல் சென்டரில் எழுத்தளவுக்கான பட்டனைச் சேர்த்துவிட்டு, அந்தச் செயலி திறந்திருக்கும்போது அதை அழுத்தி, "இந்தச் செயலிக்கு மட்டும்" என்ற பக்கம் வைத்து இரண்டு படி குறையுங்கள். மற்ற இடங்களில் அப்பாவின் எழுத்து அப்படியே இருக்கும், அந்தச் செயலியிலும் வேலை முடிந்ததும் திரும்பக் கூட்டிக்கொள்ளலாம்.

குறைப்பதற்கு முன்னால் ஒரு ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு எண், தொகை போன்றவற்றை மறைத்துவிட்டு, போன் மாடலும் எழுத்தளவும் குறிப்பிட்டு அந்தச் செயலியின் உதவிப் பிரிவுக்கு அனுப்புங்கள். "எழுத்து சரியாகத் தெரியவில்லை" என்று எழுதாதீர்கள், "இந்த அளவில் பணம் கட்டவே முடியவில்லை" என்று எழுதுங்கள்.